மின்னூலுக்கு விலை வைப்பதும் பூட்டுப் போடுவதும்: யாழ்ப்பாணத்துச் சிறு பதிப்பாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் விற்ற முதல் மின்னூல் ஒரு பிடிஎஃப். 500 ரூபா. திறப்பதற்குக் கடவுச்சொல் வைத்திருந்தேன், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இலக்கமும் கலந்து, வலு பாதுகாப்பாக. வாங்கிய மூன்றாவது ஆள் கோப்பாயில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். அன்றிரவு எட்டரைக்கு அழைத்தார். "தம்பி, காசு குடுத்து வாங்கினது நான். திறப்பு மட்டும் உம்மட்டயோ?" அரை மணித்தியாலம் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் திறக்க வைத்தேன். அடுத்த கிழமை அதே பிடிஎஃப் ஒரு வைபர் குழுவில் கிடந்தது. அதற்குக் கீழே கடவுச்சொல். அதற்கும் கீழே, "முதல் எழுத்துப் பெரிய எழுத்து, கவனிக்கவும்" என்று ஒரு குறிப்பு. நான் மாஸ்டருக்குச் சொன்னதைவிடத் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

பூட்டு யாரை மறிக்கிறது என்று அந்தக் கிழமை விளங்கியது. காசு கொடுத்தவரை மறித்தது. கொடுக்காதவருக்கு அது ஒரு வரிக் குறிப்பு. அதற்குப் பிறகு நான் பூட்டில் செலவழித்த நேரத்தை விலையிலும், வாங்கும் வழியிலும், கோப்பின் தரத்திலும் செலவழிக்கிறேன். அந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதைக் கீழே தருகிறேன். 200 பக்கம் வரையான ஒரு தமிழ்ப் புத்தகம், நூறு முதல் ஆயிரம் வாசகர்கள் என்ற அளவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: உரிமை யாரிடம் என்று முதலில் பாருங்கள்

சொந்தப் புத்தகமென்றால் அடுத்த படிக்குப் போகலாம். பிறருடையது என்றால் நில்லுங்கள். எங்கள் ஊரில் பதிப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு தேத்தண்ணியோடு முடிந்துவிடும். "போடுங்கோ" என்று எழுத்தாளர் 1990 களில் சொன்னது அச்சுக்கு; மின்னூலுக்கு அல்ல. மின்னுரிமை, எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு, எத்தனை சதவீதம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். பூட்டுப் போடுவதா இல்லையா என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். அதற்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. எழுத்தாளர் காலமாகியிருந்தால் உரிமை வாரிசுகளுக்குப் போகும். அந்த வாரிசுகள் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் மானிப்பாயில் என்று இருப்பார்கள். மூன்று பேரிடமும் கையொப்பம் வாங்குங்கள். ஒருவர் வாய்ச்சொல்லில் மற்ற இருவரையும் சேர்த்துச் சம்மதிக்க முடியாது.

இன்னொன்று. அந்தப் புத்தகம் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறதா என்று தேடுங்கள். 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஏராளமாக வருடிய பிடிஎஃபாக இருக்கின்றன. இருந்தால் மின்னூல் விற்க முடியாது என்றில்லை. ஆனால் இலவசப் பிரதியில் கிடைக்காத ஏதோவொன்று உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அது என்ன என்பதுதான் அடுத்த படி.

படி 2: கோப்பை ஒழுங்காக்குங்கள்; பாமினியிலிருந்து வெளியே வாருங்கள்

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் கிடக்கும் பழைய கோப்புகளில் கணிசமானவை பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அவை கணினிக்குத் தமிழே இல்லை. எழுத்துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ், தேடலுக்குக் குப்பை. எனவே ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டும். மாற்றிகள் இணையத்தில் இலவசம். வேலை அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் விழுகிறார்கள்.

மாற்றிய கோப்பில் மூன்று பிழைகளைத் தேடுங்கள். ஒன்று, "அவர்கள்" என்பது "அவா்கள்" என்று வந்திருக்கும். தட்டச்சுச் செய்தவர் ர் போடும் இடத்தில் அரவு போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தமிழில் அரவுக்கு மேலே புள்ளி வரவே வராது. எனவே இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரேயடியாக மாற்றலாம். இரண்டாவது, "வெளியீடு" என்பது "வௌியீடு" ஆகவும் "வெள்ளி" என்பது "வௌ்ளி" ஆகவும் மாறியிருக்கும். பாமினியில் ஔகாரக் குறிக்கும் கொம்பு, ளகரத்துக்கும் ஒரே விசைகள். மாற்றிக்கு எது எதுவென்று தெரியாது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு குறியோ புள்ளியோ வந்தால் அது பிழைதான்; இதையும் மொத்தமாக மாற்றலாம். மூன்றாவது இதன் மறுபக்கம்: "கௌரவம்", "மௌனம்", "பௌர்ணமி" எல்லாம் கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து "கெளரவம்" என்று நிற்கும். இதை மட்டும் சொல் சொல்லாகப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு 200 பக்கப் புத்தகத்துக்கு எனக்கு ஒரு பின்னேரம் போகும்.

விலையும் பூட்டும் பற்றிய வழிகாட்டியில் இது எதற்கு என்று கேட்கலாம். வைபரில் சுற்றும் வருடிய பிரதியில் எழுத்தைப் பெருப்பிக்க முடியாது, பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போகும். ஒரு சொல்லைத் தேட முடியாது. அத்தியாயத்துக்குத் தாவ முடியாது. ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பில் இவை எல்லாம் முடியும். அறுபது வயது தாண்டியவர்கள் மின்னூல் வாங்குவதற்குப் பெரிய காரணம் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதே. திருட்டுப் பிரதியைவிட வாங்கிய பிரதி நன்றாக இருப்பதுதான் நீங்கள் போடக்கூடிய முதல் பூட்டு. கடைப் பெயரிலும் நூல் பெயரிலும் "வௌியீடு" என்று பிழையாக இருந்தால் தேடுபவருக்கு உங்கள் நூல் அகப்படாது. அகப்படாத நூலுக்கு எந்த விலையும் ஒன்றுதான்.

ஈபப் செய்ய உதவும் சிகில், கலிபர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். வேர்ட் கோப்பில் தலைப்புகளுக்கு முறையான தலைப்புப் பாணி கொடுத்திருந்தால் பாதி வேலை தானாக முடியும். படங்களை இங்கேயே சிறிதாக்குங்கள், காரணம் படி 4 இல் வரும். ஐஎஸ்பிஎன் (சர்வதேசத் தர நூல் எண்) வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பியுங்கள். அச்சுக்கு ஒன்று, ஈபப்புக்கு வேறொன்று; ஒரே இலக்கத்தை இரண்டுக்கும் போடக்கூடாது. அமேசானில் மட்டும் விற்பதென்றால் அது கட்டாயமில்லை.

படி 3: விலையைப் பின்பக்கத்திலிருந்து கணக்குப் பாருங்கள்

"அச்சு விலையில் பாதி" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சூத்திரம். அது ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இலக்கங்கள் உதாரணத்துக்கு; உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுப் புத்தகம் 900 ரூபா. கடைக்கழிவு 35 சதவீதம் என்றால் கைக்கு வருவது 585. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 350 போக 235. எழுத்தாளருக்கு அட்டை விலையில் பத்து வீதம், 90. மிச்சம் 145 ரூபா. இதில் விற்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கும் பெட்டிகளின் கணக்கு இல்லை.

அதே நூல் மின்னூலாக 450 ரூபா, நேரடி விற்பனை. பணம் பெறும் சேவைக்கு 3 சதவீதம் கொடுத்தால் 436 ரூபா 50 சதம். எழுத்தாளருக்கு அதில் கால்வாசி, கிட்டத்தட்ட 109. (மின்னூலுக்கு எழுத்தாளரின் பங்கு கூடவே இருக்க வேண்டும். கடதாசி இல்லை, வண்டிக்கூலி இல்லை, பத்து வீதத்திலேயே நிறுத்துவது நியாயமில்லை.) மிச்சம் 327 ரூபா. பாதி விலைக்கு விற்று, இரண்டு மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது.

ஆனால் மாற்றுவதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் அட்டைக்கும் ஒருதடவைச் செலவு இருக்கிறது. அதை 30,000 என்று வைத்தால், 450 ரூபாவில் 92 பிரதி விற்றால் முதல் வந்துவிடும். "பாவம், ஆக்கள் வாங்கட்டும்" என்று 200 ரூபாவுக்கு இறக்கினால் ஒரு பிரதிக்கு மிஞ்சுவது 145 ரூபா 50 சதம், முதல் எடுக்க 207 பிரதி வேண்டும். விலையைப் பாதிக்குக் கீழே இறக்கினால் வாசகர் தொகை இரண்டு மடங்குக்கு மேல் கூட வேண்டும். கவிதைத் தொகுப்புக்கு அது நடக்காது. க.பொ.த. மாணவருக்கான கையேட்டுக்கு நடக்கலாம். இதுதான் விலையை நூலுக்கு நூல் மாற்ற வேண்டிய காரணம்.

என்னுடைய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது, சிரிக்க வேண்டாம். உள்ளூர் வாசகருக்கான மின்னூல் விலை ஒரு கொத்துரொட்டியின் விலைக்குக் கீழே நிற்கட்டும். அதற்கு மேலே போனால் ஆக்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். யோசிப்பவர் தெரிந்த ஒருவரிடம் "இருக்கோ?" என்று கேட்பார். அந்த ஒருவரிடம் இருக்கும்.

முடிவு செய்த விலையைக் கொஞ்ச நாளுக்கு மாற்றாதீர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊரில் நிற்கும்போது, இரண்டு கிழமைக்குக் கழிவு கொடுங்கள். மற்ற நாளெல்லாம் கழிவு என்றால் அது விலை இல்லை.

படி 4: புலம்பெயர்ந்த வாசகருக்கு வேறு கணக்கு

ஈழத்து நூல் ஒன்றுக்குக் காசு கொடுக்கும் வாசகரில் பலர் ஸ்காபரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அச்சுப் புத்தகத்தை அங்கே அனுப்பத் தபாற்செலவு புத்தக விலையை விழுங்கிவிடும். இவர்களுக்கு மின்னூல் வசதி மட்டுமல்ல, பெரும்பாலும் ஒரே வழி. இங்கே அமேசான் கிண்டில் உதவும். 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்களை அது ஏற்கிறது. தமிழுக்கு பிடிஎஃப் கொடுக்க முடியாது, வேர்ட் அல்லது ஈபப் கொடுங்கள்.

அமேசானின் பதிப்புச் சேவையில் இரண்டு பங்கு முறை உண்டு. விலை 2.99 முதல் 9.99 டொலருக்குள் இருந்தால் 70 சதவீதம் எடுக்கலாம். அதற்கு வெளியே போனால் 35 சதவீதம்தான். 2.99 க்கு விற்றால் ஏறத்தாழ 2 டொலர் வரும். 99 சதத்துக்கு விற்றால் 35 சதம் வரும். மூன்றிலொரு விலைக்கு ஆறிலொரு வருமானம். மேல் பக்கத்திலும் இதே பொறி: ஒரு மெகாபைட் கோப்பென்றால் 9.99 க்கு 6 டொலர் 89 சதம், 10.99 க்கு 3 டொலர் 85 சதம்.

70 சதவீதத்தில் மறைந்திருக்கும் ஒன்று கோப்பின் பாரம். அமெரிக்கத் தளத்தில் ஒரு மெகாபைட்டுக்கு 15 சதம் "விநியோகச் செலவு" என்று முதலில் கழிப்பார்கள். வெறும் எழுத்து நூல் ஒரு மெகாபைட்டுக்குள் நிற்கும், பிரச்சினை இல்லை. பழைய யாழ்ப்பாணத்துப் புகைப்படங்களோடு ஒரு ஊர் வரலாறு போட்டீர்கள், கோப்பு 12 மெகாபைட் என்று வையுங்கள். 2.99 டொலரில் 1.80 கழிந்து, மிஞ்சிய 1.19 இல் 70 சதவீதம், 83 சதம். 35 சதவீத முறையில் விநியோகச் செலவு கிடையாது. அதே விலைக்கு ஒரு டொலர் 5 சதம் வரும். சின்ன முறை பெரிய முறையை வெல்லும் இடம் இது. படங்களைச் சுருக்கி 3 மெகாபைட்டுக்குள் கொண்டுவந்தால் மறுபடியும் 70 பக்கம் சாயும்.

வேறு நிபந்தனைகளும் உண்டு. 70 சதவீதத்துக்கு மின்னூல் விலை அச்சு விலையைவிட 20 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். கனடா, பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா வாசகர்களுக்கு 70 கிடைக்கும். இலங்கையில் இருந்து வாங்கினால் 35 தான். இந்தியாவில் விற்பதற்கு 70 வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலெக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக்கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும்கூட. நேரடியாகவும் விற்கப் போகிறீர்கள் என்றால் சேராதீர்கள்.

உள்ளூரில் 450 ரூபாவுக்கும் அமேசானில் 4.99 டொலருக்கும் ஒரே கோப்பை விற்கலாமா? டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் அது 1,500 ரூபா. வேறிடத்தில் குறைவாக இருப்பதைக் கண்டால் அமேசானும் விலையை இறக்கிவிடக்கூடும், உங்கள் பங்கும் இறங்கும். நான் செய்வது இது: 450 ரூபா போன்ற விலை நேரடியாக மட்டும் விற்கும் நூலுக்கு; அமேசானிலும் போடும் நூலென்றால் மின்னூலை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வைத்துவிட்டு, உள்ளூரில் அச்சுப் புத்தகம் வாங்குபவருக்கு மின்னூலைக் கூடவே கொடுத்துவிடுகிறேன். ஊர் வாசகருக்கு அதுதான் உண்மையான கழிவு. கடைக்காரருக்கும் சொல்லி விற்க ஒரு விஷயம் கிடைக்கிறது.

கணக்குத் திறக்கும்போது வரும் அமெரிக்க வரிப் படிவத்தை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். ஒப்பந்தச் சலுகையைக் கோராமல் விட்டால் அமெரிக்க விற்பனையில் உங்கள் பங்கில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரியைத் தவிர்க்கும் ஒப்பந்தம் இருக்கிறது; உங்கள் வரி இலக்கத்தைக் கொடுத்து அந்தச் சலுகையைக் கோருங்கள்.

படி 5: வாங்குவதைச் சுலபமாக்குங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வட்ஸ்அப்பில் செய்தி, லங்கா கியூஆர் அல்லது வங்கிக்கு இடமாற்றம், ரசீதின் படம், பதிலாகக் கோப்பு. பத்து நிமிடத்துக்குள். பத்துப் பதினைந்து பேர் வரை இது காணும். அதற்கு மேலே போனால் பேஹியர் போன்ற ஒரு பணப்பெறுவழியும் தானாகக் கோப்பு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். பேபாலில் பணம் பெறும் வசதி பல ஆண்டுகளாக இலங்கைக்குத் திறக்கப்படாமல் இருந்தது, அதை நம்பித் திட்டம் போடுமுன் ஒருக்கால் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு லண்டனிலிருந்து ஒருவர் கேட்டால், காலையில் பதில் போடுவது பிந்திவிடும். அதற்குள் மச்சான் ஒருவர் அனுப்பியிருப்பார்.

படி 6: பூட்டா, பெயரா?

கையில் இருக்கும் வழிகள் நான்கு. ஒவ்வொன்றாக.

பிடிஎஃப் கடவுச்சொல். இதில் இரண்டு வகை. திறக்கும் கடவுச்சொல் நல்ல மறையாக்கம்தான். ஆனால் கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யும், என் கதை தெரியும்தானே. மற்றது அச்சிடுவதையும் பிரதி எடுப்பதையும் தடுக்கும் அனுமதிக் கடவுச்சொல். அது வாசிப்புச் செயலியின் மரியாதையை நம்பி நிற்கிறது. மரியாதை தெரியாத செயலி திறந்து கொடுத்துவிடும். இரண்டையும் விடுங்கள்.

டிஆர்எம். வாங்கியவரின் கணக்கிலோ கருவியிலோ மட்டும் கோப்பைத் திறக்க விடும் பூட்டு இது. அமேசானில் பதிவேற்றும்போது வேண்டுமா என்று கேட்கும். அடோபியின் முறை பெரிய நிறுவனங்களுக்கு. நூலகங்கள் இரவல் கொடுப்பதற்கு ரீடியம் எல்சிபி என்று ஒன்று உண்டு, அங்கே காலக்கெடு தேவை என்பதால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. விற்பனைக்கு டிஆர்எம் எதைத் தருகிறது என்று பார்த்தால், வாசகரை ஒரு கடையோடு கட்டிப்போடுகிறது. 2009 இல் அமேசான், உரிமையில்லாதவர் ஏற்றியது என்று சொல்லி ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே தூரத்தில் இருந்து அழித்தது. 2019 இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் மறைந்தன. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தை அல்ல. 2025 பெப்ரவரி 26 உடன், வாங்கிய கிண்டில் கோப்பைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது.

மூன்றாவது வழி, பூட்டே இல்லாமல் விடுவது. அறிவியல் புனைகதை வெளியிடும் டோர் 2012 இல் டிஆர்எம்மை மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு வருடம் கழித்து, திருட்டுப் பிரதி குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று அறிவித்தது. எங்கள் அளவுக்கு இந்தப் பாடம் இன்னும் பொருந்தும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிய போட்டோகொப்பிக் கடைகளைப் பார்த்தவருக்குத் தெரியும், அச்சுப் புத்தகத்துக்கே எந்தப் பூட்டும் இல்லை. கைபேசியால் 200 பக்கத்தைப் படம் எடுக்க ஒரு மணித்தியாலம் போதும். அப்படியிருக்க மின்னூலுக்கு மட்டும் இரும்புக் கதவு எதற்கு? அமேசானில் நான் டிஆர்எம் வேண்டாம் என்றே குறிக்கிறேன். 2026 ஜனவரி முதல், அப்படி வெளியிடும் நூலை வாங்கியவர் ஈபப் ஆகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கிக்கொள்ளவும் அங்கே வழி செய்திருக்கிறார்கள்.

நான்காவது வழியைத்தான் நான் பிடித்திருக்கிறேன்: நீர்க்குறி. ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவரின் பெயர். ஹரி பொட்டர் மின்னூல்கள் 2012 இல் பொட்டர்மோர் தளத்தில் வந்தபோது இந்த முறையைத்தான் எடுத்தார்கள். செய்வது கடினமில்லை. ஈபப் என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி, உள்ளே இணையப் பக்கங்கள். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து ஒரு பக்கம் சேருங்கள்:

"இப்பிரதி திரு. … அவர்களுக்காக ஆயத்தம் செய்யப்பட்டது. கட்டளை இல. 0147. வீட்டில் உள்ளவர்கள் தாராளமாக வாசிக்கலாம். குழுக்களில் பகிர வேண்டாம், எழுதியவருக்குச் சேருவது இதிலிருந்துதான்."

"வீட்டில் உள்ளவர்கள் வாசிக்கலாம்" என்பது முக்கியம். ஒரு புத்தகத்தை அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் வாசிப்பதுதான் எங்கள் வழக்கம். அதைத் திருட்டு என்று சொன்னால் ஒருவரும் உங்களை மதிக்க மாட்டார்கள். அதற்கு இடம் விட்டு, அதற்கு அப்பால் கோடு போடுங்கள்.

அப்புறம், கட்டளை இலக்கத்தை நடுவில் இரண்டு இடங்களிலும், கோப்பின் விவரப் பகுதியிலும் வையுங்கள். முதற்பக்கத்தை வெட்டி எறிந்தாலும் அது நிற்கும். பிடிஎஃப் கொடுப்பதென்றால் லிப்ரே ஆபிஸில் அஞ்சல் இணைப்பு (மெயில் மேர்ஜ்) முறையில் பக்கத்தின் அடியில் பெயரை இடலாம். அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், முகவரி எதையும் அச்சிடாதீர்கள். கோப்பு வெளியே போனால் அந்த விவரமும் போகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெயரும் இலக்கமும் காணும். யார் எந்த இலக்கம் என்ற பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

படி 7: வெளியே வந்துவிட்டால்

வரும். பதறாதீர்கள். முதலில் இணைப்பும் திகதியும் தெரியத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். பிறகு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். கூகுள் தேடல், பேஸ்புக், ஆவணங்கள் பகிரும் ஸ்க்ரிப்ட் போன்ற அமெரிக்கத் தளங்கள் என்றால் 1998 இன் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி அகற்றும்படி கேட்கும் படிவம் அங்கேயே இருக்கும். உரிமையாளர் நீங்கள்தான், குறித்த இணைப்பு இதுதான், சொல்வது உண்மை என்று உறுதியளித்து அனுப்ப வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை.

வட்ஸ்அப், வைபர் குழு என்றால் அந்தப் படிவத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. குழுவை நடத்துபவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, இந்தப் புத்தகம் நாங்கள் போட்டது, விலை 450 ரூபா, இந்த இலக்கத்தில் கிடைக்கும், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்." திட்டி எழுதினால் குழுவுக்குள் நாலு பேர் வீம்புக்கு இன்னும் பத்து இடத்துக்கு அனுப்புவார்கள்.

ஒருமுறை வெளியே வந்த கோப்பைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தேன். வாங்கியவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அக்கா. அழைத்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது. மகன் அவருடைய டப்லெட்டிலிருந்து எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தான். அன்று பின்னேரமே அந்தக் குழுவில் கோப்பு அழிந்தது. அடுத்த கிழமை அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் வாங்கினார்கள். ஏனையோர் வாங்கவில்லை, அவர்கள் எந்த விலையிலும் வாங்கியிருக்க மாட்டார்கள், அவர்களை நட்டக் கணக்கில் எழுதாதீர்கள்.

படி 8: ஒரு வருடம் கழித்து

விற்பனையின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் முடிந்துவிடும். வருடம் முடிந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள்: நேரடி விற்பனை, அமேசான் விற்பனை, அச்சோடு கொடுத்தவை. நேரடி விற்பனை நின்றுபோயிருந்தால் விலையை மூன்றிலொன்று குறைத்துப் பாருங்கள். அமேசானில் மட்டும் போகிறது என்றால் 3.99 ஐ 4.99 ஆக்கிப் பாருங்கள். வெளிநாட்டு வாசகர் ஒரு டொலரைக் கவனிப்பதில்லை, கோப்பித் தண்ணிக் காசு அது.

எழுத்தாளரோடு போடும் ஒப்பந்தத்தில் நான் ஒரு வரி சேர்க்கிறேன்: ஐந்து ஆண்டு கழித்து, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டு பத்துப் பிரதிக்குக் கீழே விற்றால், நூல் நூலகம் தளத்துக்குப் போகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அந்த ஊரில் இருந்துகொண்டு, விற்கவும் விற்காத, திறக்கவும் திறக்காத ஒரு கோப்பைக் கையில் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அனுப்பும்போது கொடுப்பது பெயர் போடாத, இலக்கம் போடாத மூலக் கோப்பு. ஈபப் ஒன்று, எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஒன்று, அட்டைப் படம் தனியாக. அதே மூன்றும் இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன: ஒன்று என் மேசை இலாச்சியில், மற்றது கொழும்பில் தங்கை வீட்டில், அரிசிப் பெட்டிக்கு மேலே.